மூன்று வேளாண் முறைகள், ஒரே மண்: தெர்வில் வயலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இயற்கை உரத்தில் விளைந்த பயிர் ரசாயன உரத்தில் விளைந்ததற்கு ஈடாகுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், ஒருவர் தம் வயலையும் மற்றொருவர் தம் வயலையும் சான்றாகக் காட்டுவது வழக்கம். அந்த இரு வயல்களுக்கும் மண் வேறு, நீர் வேறு, விதை வேறு, உழுபவரின் கைத்திறனும் வேறு என்பதால், அத்தகைய ஒப்பீட்டிலிருந்து வேளாண் முறையைப் பற்றி உறுதியாக எதையும் சொல்ல இயலாது. இந்தத் தடையைக் கடக்கும் நோக்கத்துடன் 1978-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே உள்ள தெர்வில் என்னும் ஊரில் ஒரு வயலாய்வு தொடங்கப்பட்டது. ஒப்பிடப்படும் மூன்று முறைகளின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகளால் டிஓகே ஆய்வு என்று அறியப்படும் அது இன்றும் தொடர்ந்து நடைபெறுகிறது. பயோடைனமிக், இயற்கை, வழக்கமான ரசாயனம் என்ற மூன்று முறைகளையும் ஒரே நிலத்தில் அருகருகே வைத்து இவ்வளவு நீண்ட காலம் அளந்து பார்த்த ஆய்வுகள் உலகில் மிகச் சிலவே.

அது தொடங்கிய காலத்தின் சூழலைச் சற்று விளக்க வேண்டும். பயோடைனமிக் முறை 1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர், இன்று போலந்தில் உள்ள கோபர்விட்ஸ் என்ற இடத்தில் உழவர்களுக்கு ஆற்றிய எட்டு உரைகளிலிருந்து பிறந்தது. பண்ணையை ஓர் உயிருள்ள முழுமையாகக் கருதும் அம்முறையில், பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுதும் மண்ணில் புதைத்து எடுக்கும் கொம்பு சாண உரம், கொம்பில் வைத்த படிகக்கல் தூள், எருக்குவியலில் சேர்க்கும் மூலிகைத் தயாரிப்புகள் ஆகியவை கட்டாயமானவை. சுவிட்சர்லாந்தில் வளர்ந்த மற்றொரு கிளை, ஹான்ஸ் முல்லர், மரியா முல்லர் தம்பதியரும் ஹான்ஸ் பீட்டர் ரூஷ் என்ற மருத்துவரும் வகுத்த இயற்கை வேளாண் முறை. அதில் கொம்பும் மூலிகையும் இல்லை. மண்ணின் நுண்ணுயிர்களைப் பேணுவதே அதன் மையம். இவ்விரு முறைகளையும் பின்பற்றிய உழவர்கள் 1970-களில் எண்ணிக்கையில் குறைவாகவே இருந்தனர். அவர்களுக்கென இயற்கை வேளாண் ஆய்வு நிறுவனமான ஃபீபிள் 1973-இல் ஓர் அறக்கட்டளையாகத் தொடங்கப்பட்டது. அதுவும், லீபெஃபெல்டில் இயங்கிய அரசின் வேளாண் ஆய்வு நிலையமும் கூட்டாக இந்த வயலை அமைத்தன. அந்த அரசு நிலையத்தின் பணி இப்போது அக்ரோஸ்கோப் என்ற நிறுவனத்தின் கீழ் தொடர்கிறது.

நம்புபவர்களும் ஐயுறுபவர்களும் ஒரே வயலில் சேர்ந்து வேலை செய்ய ஒப்புக்கொண்டதுதான் இந்த நிகழ்வின் முதல் சிறப்பு என்று நான் கருதுகிறேன். ஒரு தரப்பு மட்டும் நடத்தியிருந்தால் இதன் முடிவுகளை மறு தரப்பு ஏற்றிருக்காது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

காற்று அடித்துவந்து படிந்த நுண்மண் கொண்ட வளமான நிலத்தில் 96 பாத்திகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு பாத்தியும் 5 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் உடையது. மூன்று முறைகளுடன், எந்த உரமும் இடாத ஒப்பீட்டுப் பாத்திகளும், தொழுவுரமே இல்லாமல் ரசாயன உரம் மட்டும் பெறும் பாத்திகளும் சேர்க்கப்பட்டன. கடைசியாகச் சொன்னவை முதல் பயிர்ச்சுழற்சியில் உரமின்றி விடப்பட்டு, 1985-இலிருந்துதான் ரசாயன உரம் பெறத் தொடங்கின. ஒவ்வொரு முறையும் நான்கு மறுநிகழ்வுகளில், நிலத்தின் வெவ்வேறு இடங்களில் அமைந்தது.

முதலாவதும் மிகக் கடினமானதுமான முடிவு பயிர்ச்சுழற்சியைப் பற்றியது. இயற்கை உழவர் ஒருவர் தம் நிலத்தில் பயறு வகைகளையும் தீவனப் புல்லையும் அதிகம் வைப்பார். ரசாயன முறை உழவர் தானியத்தை அதிகம் வைப்பார். அவரவர் விருப்பப்படி விட்டால், காணும் வேறுபாடு உரத்தால் வந்ததா பயிரின் வரிசையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஆகவே எல்லா முறைகளுக்கும் ஒரே ஏழாண்டுச் சுழற்சி வகுக்கப்பட்டது. உருளைக்கிழங்கும் கோதுமையும் இடையில் காய்கறியும் வந்து, பின்னர் புல்லும் குளோவரும் கலந்த தீவனப் பயிர் நிலத்தில் நிற்கும் வகையில் அது அமைந்தது. முட்டைக்கோஸ், பீட்ரூட், பார்லி ஆகியவை பிற்காலத்தில் விலகி, மக்காச்சோளமும் சோயாவும் இடம்பெற்றன. உழவு ஆழமும் பயிர் ரகங்களும்கூடப் பெரும்பாலும் பொதுவாகவே வைக்கப்பட்டன. இந்த முடிவால் ஒப்பீடு தெளிவானது. ஆனால் ரசாயன முறைப் பாத்திகளுக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் குளோவர் கிடைத்ததால், அவை உண்மையான பல ரசாயனப் பண்ணைகளைவிட நல்ல மண்ணுடன் இருந்தன என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது முடிவு எருவைப் பற்றியது. எல்லாப் பாத்திகளுக்கும் ஒரே அளவு தழைச்சத்து தரலாம் என்ற எளிய வழி கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, ஒரு ஹெக்டேர் நிலம் எத்தனை மாடுகளைத் தாங்குமோ அத்தனை மாடுகளின் எருவே அந்த நிலத்துக்கு உரியது என்ற கலப்புப் பண்ணையின் கணக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. தொடக்கத்தில் ஹெக்டேருக்கு 1.2 கால்நடை அலகு (ஓர் அலகு என்பது ஏறத்தாழ ஒரு வளர்ந்த மாடு) என்றும், பின்னர் 1.4 என்றும் அளவு அமைந்தது. இதன் பாதியளவு எரு பெறும் பாத்திகளும் தனியே வகுக்கப்பட்டன. பிற்காலத்தில் மிக முக்கியமான பாடம் அந்தப் பாதியளவுப் பாத்திகளிலிருந்தே கிடைத்தது. பயோடைனமிக் பாத்திகளுக்குத் தயாரிப்புகள் சேர்த்து நன்கு மக்கவைத்த எருவும், இயற்கை முறைப் பாத்திகளுக்கு ஓரளவு மக்கிய எருவும், ரசாயன முறைப் பாத்திகளுக்குக் குவித்து வைத்த தொழுவுரமும் அதற்கு மேல் ரசாயன உரமும் இடப்பட்டன.

பயிர்ப் பாதுகாப்பில் மூன்றும் வெகுவாக வேறுபட்டன. ரசாயன முறையில் களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, பூச்சிக்கொல்லி ஆகியவற்றுடன் கோதுமையின் தண்டு நீளாமல் தடுக்கும் வளர்ச்சி ஒழுங்கியும் பயன்பட்டது. மற்ற இரண்டிலும் களைகள் கருவிகளால் நீக்கப்பட்டன. உருளைக்கிழங்கின் கருகல் நோய்க்கு இயற்கை முறையில் தாமிரம் அனுமதிக்கப்பட்டது. பயோடைனமிக் முறையில் அதுவும் இல்லை.

ஒவ்வொரு முறையிலும் அனுபவம் உள்ள உழவர்கள் ஆலோசனைக் குழுவில் அமர்த்தப்பட்டனர். தங்கள் முறை சரியாகக் கையாளப்படவில்லை என்று பின்னால் யாரும் சொல்லாதிருக்க இது உதவியது. அதைவிட, இயற்கை வேளாண்மை என்பது ரசாயனத்தை நிறுத்திவிடுவது மட்டுமே என்ற எண்ணத்தில் ஆய்வாளர்கள் பாத்திகளை நடத்திவிடாமல் காத்ததும் இந்த ஏற்பாடே.

முதல் 21 ஆண்டுகளில் காணப்பட்டவை: விளைச்சல்

மூன்று பயிர்ச்சுழற்சிகள் முடிந்தபின், 2002-இல் சயின்ஸ் இதழில் தொகுப்பு முடிவுகள் வெளியாயின. எல்லாப் பயிர்களையும் சேர்த்துப் பார்க்கையில், பயோடைனமிக், இயற்கை முறைகளின் (இனி இரண்டையும் சேர்த்து இயற்கை முறைகள் என்பேன்) விளைச்சல் ரசாயன முறையைவிட 20 சதவீதம் குறைவு. அதே காலத்தில் அவற்றுக்கு இட்ட தழை, மணி, சாம்பல் சத்துகள் 34 முதல் 51 சதவீதம் வரை குறைவாகவும், பூச்சிமருந்து வகைகள் 97 சதவீதம் குறைவாகவும் இருந்தன. ஒரு குறிப்பிட்ட அளவு விளைபொருளை உண்டாக்கச் செலவான ஆற்றல், பயிரைப் பொறுத்து, 20 முதல் 56 சதவீதம் குறைந்தது.

இந்த எண்களில் ஒரு பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் பழக்கம் இரு தரப்பிலும் உண்டு. ஒருவர் 20 சதவீத இழப்பை மட்டும் சொல்வார். மற்றவர் 97 சதவீதக் குறைப்பை மட்டும் சொல்வார். இரண்டும் ஒரே பாத்தியின் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. மேலும், சராசரி எண் பயிருக்குப் பயிர் இருந்த பெரும் வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. புல்-குளோவர் கலப்பில் முறைகளுக்கிடையே வேறுபாடு சிறிதே. மூன்றாம் சுழற்சியில் இயற்கை முறைக் கோதுமை ரசாயன முறையின் 90 சதவீதத்தை எட்டியது. உருளைக்கிழங்கோ 58 முதல் 66 சதவீதத்துடன் நின்றுவிட்டது. அதற்கு இரு காரணங்கள் கண்டறியப்பட்டன: கிழங்கு மிகுதியாக வேண்டும் சாம்பல் சத்து போதாமை ஒன்று, கருகல் நோய் மற்றொன்று. ஆகவே, இயற்கை முறையில் எவ்வளவு இழப்பு வரும் என்ற கேள்விக்கு, எந்தப் பயிரில் என்று திருப்பிக் கேட்பதே முறை.

மண்ணில் காணப்பட்டவை

விளைச்சலைவிட மண்ணில் ஏற்பட்ட வேறுபாடே ஆய்வாளர்களின் கவனத்தை அதிகம் ஈர்த்தது. மண்புழுக்களின் எடையும் எண்ணிக்கையும் இயற்கை முறைகளில் 1.3 முதல் 3.2 மடங்கு வரை கூடுதலாக இருந்தன. வேருடன் கூடி வாழ்ந்து மணிச்சத்தை ஈட்டித் தரும் வேர்ப்பூஞ்சைகள் 40 சதவீதம் அதிக நீள வேர்களில் குடியேறியிருந்தன. மண்கட்டிகள் நீரில் கரையாமல் நிலைத்து நிற்கும் தன்மை 10 முதல் 60 சதவீதம் உயர்ந்திருந்தது. இந்தக் கடைசி வேறுபாட்டைக் கருவியின்றிக் கண்ணாலேயே காண முடிந்தது. கோதுமைப் பாத்திகளில், ரசாயன உரம் மட்டும் பெற்ற மண்ணின் மேற்பரப்பு இறுகி மூடிக்கொண்டிருக்க, பயோடைனமிக் பாத்தியின் மண் பொலபொலப்பாகவும் மண்புழு எச்சம் நிறைந்தும் காணப்பட்டது.

நுண்ணுயிர்களின் மொத்த எடை, ரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்தியில் தொடங்கி, தொழுவுரமும் ரசாயனமும் சேர்ந்த பாத்தி, இயற்கை முறைப் பாத்தி என்று படிப்படியாகக் கூடி, பயோடைனமிக் பாத்தியில் உச்சத்தை அடைந்தது. அங்கு நுண்ணுயிர்கள் தம் எடைக்கு ஏற்ற அளவில் குறைவான கரியமில வாயுவையே வெளியிட்டன. அதாவது, கிடைத்த உணவைச் சிக்கனமாகப் பயன்படுத்தின.

எல்லாமே இயற்கை முறைக்குச் சாதகமாக அமையவில்லை. பயிர் எளிதில் எடுக்கக்கூடிய மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இயற்கை முறைப் பாத்திகளில் குறைந்தன. கிழங்காகவும் தானியமாகவும் வயலை விட்டு வெளியேறும் சத்து எருவாகத் திரும்பி வரவில்லையென்றால், எவ்வளவு உயிருள்ள மண்ணும் அந்த இருப்பிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். இயற்கை வேளாண்மையைப் பரிந்துரைப்போர் இந்தப் பற்றாக்குறையைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து.

தானியத்தின் தரம்

இயற்கை முறையில் விளைந்த உணவு சத்து மிகுந்தது என்ற நம்பிக்கையும் இங்கே சோதிக்கப்பட்டது. 21 ஆண்டுகள் முடிந்த நிலையில் எடுத்த கோதுமையில் புரதம், அமினோ அமிலங்கள், தாதுக்கள், ரொட்டிக்கு ஏற்ற தன்மை ஆகியவற்றில் முறைகளுக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை. பூஞ்சாணக்கொல்லி தெளிக்காத பாத்திகளில் பூஞ்சை நச்சு மிகும் என்ற அச்சமும் பொய்த்தது. எல்லா முறைகளிலும் அதன் அளவு குறைவாகவே இருந்தது. எலிகளுக்கு இரண்டையும் வைத்தபோது அவை இயற்கை முறைக் கோதுமையை விரும்பித் தின்றன என்று பதிவாகியுள்ளது. அதன் காரணம் விளங்காத நிலையில், அதைச் சத்தின் சான்றாகக் கொள்வது பொருத்தமன்று.

42 ஆண்டுகளுக்குப் பின்

ஆறு சுழற்சிகள் முடிந்தபோது இயற்கை முறைகளின் சராசரி விளைச்சல் ரசாயன முறையின் 85 சதவீதமாக இருந்தது. காற்றிலிருந்து தழைச்சத்தை ஈர்க்கும் சோயாவில் இடைவெளி ஏறக்குறைய இல்லை. நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுமைக்குடில் வாயுவின் வெளியேற்றம், ஒரே பரப்பளவில் கணக்கிடும்போது, இயற்கை முறைகளில் 40 சதவீதம் குறைந்திருந்தது.

எனினும் 42 ஆண்டுகளின் பதிவில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது மண் கரிமத்தின் கணக்கு. ஹெக்டேருக்கு 1.4 கால்நடை அலகு எரு பெற்ற பயோடைனமிக் பாத்திகளில் கரிமம் உயர்ந்தது. அதே அளவு எரு பெற்ற மற்றப் பாத்திகளில் அது பெரும்பாலும் நிலைத்து நின்றது. எரு பாதியாகக் குறைந்த பாத்திகளிலும், ரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்திகளிலும் கரிமம் சரிந்தது. இயற்கை முறை என்ற பெயர் மட்டும் மண்ணைக் காக்கவில்லை. போதிய எருவும், அந்த எருவைப் பக்குவப்படுத்திய விதமும் சேர்ந்தே காத்தன. மக்கவைக்கும்போது எருவின் கரிமத்தில் ஒரு பகுதி குவியலிலேயே கரைந்துபோவதால், பயோடைனமிக் பாத்திக்குப் போய்ச் சேரும் கரிமம் உண்மையில் குறைவு. அவ்வாறிருந்தும் அங்கு அதிகம் தங்கியது என்பது, மக்கிய எருவை இடும் நம் பழைய வழக்கத்தைக் கவனத்துடன் மீண்டும் ஆராயத் தூண்டுகிறது.

கொம்பு சாண உரம் பற்றிய கேள்வி

இந்த முடிவுகளைக் கொண்டு, கொம்பு சாண உரமும் மூலிகைத் தயாரிப்புகளும் மண்ணை உயர்த்தின என்று அறிவிப்போர் உண்டு. தெர்வில் வயல் அப்படிச் சொல்லவில்லை. பயோடைனமிக் பாத்தி தயாரிப்புகளில் மட்டும் வேறுபட்டதன்று. எரு மக்கவைக்கும் முறையிலும், தாமிரத்தைத் தவிர்த்ததிலும், சத்தின் அளவிலும் அது இயற்கை முறைப் பாத்தியிலிருந்து வேறுபட்டது. மூன்று முறைகளையும் முழுமையான பண்ணை முறைகளாக ஒப்பிடுவது என்று தொடக்கத்திலேயே முடிவெடுக்கப்பட்டதால், ஒவ்வொரு கூறின் பங்கையும் தனியே பிரித்துக் காட்டும் வாய்ப்பு அன்றே கைவிடப்பட்டது. ஒரு முறையைப் பின்பற்ற விரும்பும் உழவருக்கு முழு முறையின் விளைவே தேவை என்ற வகையில் அந்த முடிவு சரியானதே. ஆனால் அதனால் விடை கிடைக்காமல் போன கேள்விக்கு, அதே எண்களைக் காட்டி விடை கூறுவது நேர்மையாகாது.

நிமாடு கரிசலில் அதே ஒப்பீடு

குளிர்நாட்டு நுண்மண்ணில் கண்டது வெப்பமண்டலத்தில் பொருந்துமா என்ற ஐயம் இயல்பானது. அதனால் ஃபீபிள் நிறுவனம் கென்யாவிலும் பொலிவியாவிலும், 2007-இல் மத்தியப் பிரதேசத்தின் நர்மதைப் பள்ளத்தாக்கில் உள்ள நிமாடு பகுதியிலும் ஒப்பீட்டு வயல்களை அமைத்தது. இந்திய வயல் களி மிகுந்த கரிசல் மண்ணில், பருத்தி, சோயா, கோதுமை என்ற ஈராண்டுச் சுழற்சியில் அமைந்தது. இங்கே நான்காவதாக, காய்ப்புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பிடி பருத்தியைக் கொண்ட ரசாயன முறையும் சேர்க்கப்பட்டது. இந்தியப் பருத்தி நிலத்தின் பெரும்பகுதி பிடி பருத்திக்கு மாறிவிட்ட நிலையில், அதை விட்டுவிட்டு ரசாயன முறையை மதிப்பிடுவது உண்மைக்கு மாறாகும் என்பதே அதற்குக் காரணம்.

முதல் ஈராண்டில் இயற்கை முறைகளில் பருத்தி 29 சதவீதமும் கோதுமை 27 சதவீதமும் குறைந்தன. சோயாவில் குறைவு 1 சதவீதம் மட்டுமே. செலவு போக மிஞ்சிய தொகை ரசாயன முறைகளில் 29 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2009, 2010 ஆகிய அடுத்த ஈராண்டில் பருத்தியும் கோதுமையும் எல்லா முறைகளிலும் ஏறத்தாழச் சமமாயின. ஆனால் அது இயற்கை முறையின் விளைச்சல் உயர்ந்ததால் அன்று, ரசாயன முறையின் விளைச்சல் இறங்கியதால் நேர்ந்தது. இடுபொருள் செலவு குறைவு என்பதால், அந்த ஈராண்டில் மிஞ்சிய தொகை இயற்கை முறைகளில் 25 சதவீதம் கூடியது. சோயாவில் நான்கு அறுவடைகளையும் சேர்த்து, மிஞ்சிய தொகை இயற்கை முறைகளில் 11 சதவீதம் கூடுதலாக இருந்தது. மழையையும் கிணற்றையும் நம்பிக் கடன் வாங்கிப் பயிர் செய்யும் சிறு உழவருக்கு, முதல் ஈராண்டின் இழப்பை யார் ஈடுகட்டுவது என்பதே முறையை மாற்றும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஏழாண்டுச் சராசரியும் 42 ஆண்டுச் சராசரியும் அவருடைய இந்த ஆண்டுக் கடனை அடைக்காது. ஆகவே நிலம் முழுவதையும் ஒரே பருவத்தில் மாற்றாமல் சோயா போன்ற பயறு வகை நிற்கும் பகுதியிலிருந்து தொடங்குவதும், மாறும் காலத்துக்கு உதவித்தொகை கிடைக்கச் செய்வதும் இந்த எண்களிலிருந்து நேரடியாகப் பெறத்தக்க முடிவுகள். நாடு முழுதும் ஒரே ஆணையில் ரசாயன உரத்தை நிறுத்திய இலங்கை, 2021-இல் சில மாதங்களிலேயே அந்த ஆணையைத் திரும்பப் பெற நேர்ந்தது. மாறும் காலத்துக்கான ஏற்பாடு இல்லாததன் விலையை அங்கே உழவர்கள்தாம் கொடுத்தனர்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இத்தகைய வயலை மீண்டும் அமைப்பவர்கள் மூன்று இடங்களில் வேறுவிதமாக முடிவெடுக்கலாம். பாத்தியின் அளவு முதலாவது. ஐந்து மீட்டர் அகலமுள்ள பாத்தியில் மண்ணின் வேறுபாட்டை அளக்கலாம். ஆனால் பறந்து செல்லும் பூச்சியும் அதைத் தின்னும் பூச்சியும் பாத்தியின் எல்லையை அறியா. பக்கத்துப் பாத்தியில் மருந்து தெளித்ததன் பயனும் கேடும் இந்தப் பாத்தியிலும் கலந்துவிடும். பூச்சி மேலாண்மையைப் பற்றிய முடிவுக்கு ஏக்கர் கணக்கில் விரிந்த வயல்கள் தேவை.

இரண்டாவது, பயோடைனமிக் எருவைத் தயாரிப்புகளுடன் ஒரு பாத்தியிலும், அவை இன்றி அதே எருவை இன்னொரு பாத்தியிலும் இடும் ஓர் இணை தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தால், நாற்பது ஆண்டுகளாக நீளும் ஒரு வாதத்துக்கு விடை கிடைத்திருக்கும். அதற்கு ஆகும் கூடுதல் செலவு சில பாத்திகளின் செலவே.

மூன்றாவது எருவின் மூலத்தைப் பற்றியது. ஹெக்டேருக்கு 1.4 கால்நடை அலகு என்பது புல்வெளி மிகுந்த சுவிட்சர்லாந்துக்கு இயல்பான அளவு. மாடுகள் குறைந்துவிட்ட ஊர்களில், டிராக்டரால் உழுது, வைக்கோலையும் விற்றுவிடும் நிலத்தில், அந்த அளவு எரு எங்கிருந்து வரும் என்பதை ஆய்வின் வடிவத்திலேயே கேட்க வேண்டும். தக்கைப்பூண்டு, சணப்பை போன்ற பசுந்தாள் உரப் பயிர்களை மட்டும் நம்பிய ஒரு முறையும், பாதியளவு எருவுடன் பசுந்தாளைச் சேர்த்த ஒரு முறையும் இடம்பெற்றால்தான், மாடு இல்லாத உழவர் தம் நிலத்துக்கு உரிய விடையை அத்தகைய வயலிலிருந்து பெற முடியும்.